மானம் பார்த்த பூமி: யார் மானம், யார் பூமி?

சிவகாசியின் பொருளாதார வரலாற்றை எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். மழை இல்லாத ஊர். வெள்ளாமை பொய்த்தது. ஜனங்கள் பஞ்சத்தில் கிடந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஊர் பிழைத்தது. வறட்சி பெற்றெடுத்த பிள்ளை, குட்டி ஜப்பான். ஆண்டுவிழா மேடையில் இதை நானே பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன், ஒரு எவர்சில்வர் டம்ளர். அன்றைக்குச் சாயந்தரம் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பேச்சை மறுபடியும் அவளுக்குப் பேசிக் காட்டினேன். பசைக் கையை எடுக்காமலேயே கேட்டாள்: “எல்லாம் சரிதான் தாயி. மழை பேஞ்ச வருசத்துல மட்டும் நம்மளுக்கு நெலம் இருந்துச்சாக்கும்?”

அந்தக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தபோதும் கிடைக்கவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க ஒரு வழி கிடைத்தது. பாலை என்பது தனியாகப் படைக்கப்பட்ட நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப்போனால் அதுவே பாலையாகிறது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். வகுப்பில் இதை இலக்கணமாக மனப்பாடம் செய்தோம். எனக்கோ அது வரலாறாகப் பட்டது. ஒரு நிலம் வறண்டது என்றால் எப்படி வறண்டது, யாருக்கு வறண்டது, அந்த வறட்சியில் யார் வீட்டுக் குதிர் நிறைந்தது என்று கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவைப் பற்றி 1972இல் வால்டர் ராட்னி எழுதிய புத்தகமும் இப்படித்தான் கேட்டது. அவர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்களைப் பின்தள்ளியது யார் என்று அது கேட்டது. காலனியத்துக்கு ஆட்பட்ட எல்லா வேளாண் சமூகங்களுக்கும் பொருந்துகிற கேள்வி இது. எங்கள் கரிசலுக்கும் பொருந்தும். ஆனால் எங்கள் ஊரில் பின்தள்ளிய கை வெள்ளைக்கை மட்டுமாக இல்லை.

முதலில் நிலம்.

தெற்குச் சீமையில் பாளையக்காரர் போர்கள் 1801இல் அடக்கப்பட்டன. 1803இல் ராமநாதபுரம் நிரந்தர ஜமீன் ஆனது. நேற்றுவரை காவல் மரியாதையும் வரிப் பங்கும் வைத்திருந்தவர்கள் காகிதத்தில் நில உடைமையாளர்கள் ஆனார்கள். ஜமீன் இல்லாத ஊர்களில் ரயத்துவாரி வந்தது. அங்கே வரி கட்டுகிறவன் பெயரில் பட்டா. இரண்டு முறைகளைப் பற்றியும் பொருளாதாரப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு எழுதியிருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் போகிற போக்கில் விட்டுவிடுகின்றன. ஏர் பிடித்தவன், களை எடுத்தவள், செத்த மாட்டைத் தூக்கியவன் பெயர் இரண்டு கணக்கிலும் ஏறவில்லை. பழைய வழக்கத்தில் அவர்களுக்கு இருந்தது களத்து மேட்டில் அள்ளிப் போடும் தானியப் பங்கு. புதிய சட்டத்தின் கண்ணுக்கு அது உரிமையாகத் தெரியவில்லை.

அடுத்தது வறட்சி. கரிசல் மண் பருத்திக்கென்றே வாய்த்த மண். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. அப்போது திருநெல்வேலிப் பஞ்சுக்கு விலை ஏறியது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. விருதுபட்டி (1923இல்தான் விருதுநகர் ஆனது) பஞ்சுச் சந்தையாகத் தழைத்தது. அதே 1876 முதல் 1878 வரைதான் தாது வருசப் பஞ்சம். கப்பலேற்றும் அளவுக்கு விளைந்த மண், ரயில் வந்து நின்ற ஊர், செத்து விழுந்த சனம். மூன்றும் ஒரே இடம், ஒரே காலம். பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். மழை பெய்யாதது உண்மை. ஆனால் மழை பெய்யாததால் பண்ணைக்காரன் சாகவில்லை. மானம் பார்த்த பூமி என்று எல்லோரும் சேர்ந்து பெருமூச்சு விடுகிறோமே, அதில் பூமி ஒருத்தர் கையிலும் மானம் பார்க்கிற வேலை இன்னொருத்தர் தலையிலும் இருந்தது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு அரசுத் தரிசை ஒப்படைக்கும் ஆணை பிறந்தது. அதுதான் நாம் பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். காரணை என்றால் இன்றைக்கும் நமக்கு நெஞ்சு வலிக்கும். எங்கள் பக்கத்துக் கதை இன்னொரு மாதிரி. அரசுத் தரிசு இருந்தால்தானே ஒப்படைக்க முடியும்? ஜமீன் எல்லைக்குள் தரிசும் ஜமீன்தாருடையது. ஆகவே ஜமீன் ஊர்ச் சேரிகளுக்கு அந்த ஆணை எட்டவே இல்லை. பின்னால் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுவும் ஏற்கெனவே ஜமீனுக்கு வரி கட்டிவந்த குடிகளுக்குத்தான் பட்டா கொடுத்தது. கூலிக்காரனுக்கு அல்ல. ‘நிலச் சீர்திருத்தம்’ என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிற விஷயம் எங்கள் தெருவை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறது.

இப்போது தொழில்.

வறட்சிதான் தீப்பெட்டியைப் பெற்றது என்றால் அது ஏன் 1876இல் பிறக்கவில்லை? 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் சுங்கம் விதிக்கப்பட்டது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அதுவரை ஸ்வீடன் பெட்டியும் ஜப்பான் பெட்டியும்தான் இங்கே ஓடின. காலனி அரசு தன் கஜானாவுக்காகப் போட்ட வரி, உள்நாட்டில் பெட்டி செய்தால் லாபம் என்ற நிலையை உண்டாக்கியது. ஸ்வீடன்காரனே அடுத்த ஆண்டு விம்கோ என்ற பெயரில் இங்கே வந்து எந்திர ஆலை வைத்தான். எந்திரத்தோடு கையால் போட்டி போட வேண்டுமென்றால் கை மலிவாக இருக்க வேண்டும். பெரியவர் கையைவிடப் பெண் கை மலிவு. அதைவிடப் பிள்ளை கை மலிவு. 1940இல் பட்டாசுக்கும் இதே மாதிரி ஒரு வாசல் திறந்தது. போர் இறக்குமதியை அடைத்தது, வெடிபொருள் விதிகள் உரிமம் கொடுத்தன. வாசலைத் திறந்தது வரியும் போரும். உள்ளே போய் உட்கார்ந்தது நிலமில்லாதவர்களின் பிள்ளைகள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாடார் சமூகம் பட்ட இழிவு சின்னது அல்ல. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. 1899இல் சிவகாசியில் கொள்ளையும் கொலையும் நடந்தன. அந்த அடியிலிருந்து அவர்கள் எழுந்தது சாதாரணக் காரியம் இல்லை. உறவின்முறை வைத்து, வியாபாரத்தில் மகமை பிரித்து, பள்ளிக்கூடம் கட்டி எழுந்தார்கள். அதை நாம் படிக்க வேண்டும். ஆனால் “அவங்க முன்னேறலயா, நீங்க ஏன் முன்னேறல” என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் உண்டு. மகமை என்பது சரக்கின் மேல் பிரிக்கிற காசு. சரக்கு வைக்கப் பேட்டை வேண்டும், பேட்டைக்கு இடம் வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே சரக்கு எங்கள் உடம்பு. அதன்மேல் பிரித்த மகமை வேறு ஆள் கைக்குப் போனது.

எப்படிப் போனது? முன்பணம் வழியாக. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் எங்கள் பகுதியின் இருநூறு வருச வரலாறு கையில் வந்துவிடும் என்பது என் துணிபு.

1843இல் அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது. 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், வேலையையும் செய்யாமல் பணத்தையும் திருப்பாமல் இருந்தால் சிறையில் போடலாம். அடிமைச் சங்கிலி கழன்ற இடத்தில் முன்பணச் சங்கிலி மாட்டப்பட்டது. 1920களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது. இதே காலத்தில் நம் சனம் கங்காணியிடம் முன்பணம் வாங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே ‘துண்டு’ என்று ஒரு முறை. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்கு அவர் போகலாம். அதாவது ஆளுக்கு விலை எழுதிய சீட்டு. 1921இல் அதை ஒழித்தார்கள். என் அம்மாச்சியின் தாத்தா அப்படிக் கண்டிச் சீமைக்குப் போனவர். திரும்பவில்லை.

என் அம்மாவுக்கு ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸில் இருநூறு ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். வீட்டுக் கூரை மேய. எங்கள் பக்கம் ஆலை என்று யாரும் சொல்ல மாட்டோம், ‘ஆபீஸ்’தான். விடியக் கருக்கலில் ஆபீஸ் பஸ் வந்து ஊர் முனையில் ஆரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் போடுவார்களாம். குச்சி அடுக்குகிற வேலை, எண்ணிக்கைக் கூலி. சனிக்கிழமை சம்பளத்தில் முன்பணத்துக்குப் பிடித்தது போக மிச்சம். பிடித்தம் முடிகிற நேரத்தில் வீட்டில் ஒரு சாவோ சடங்கோ வரும். மறுபடியும் முன்பணம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அம்மா அந்தப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

பஸ்ஸில் எல்லாச் சாதி ஏழைகளும் ஏறினார்கள். மறுக்கவில்லை. நாடார் வீட்டுப் பிள்ளையும் தேவர் வீட்டுப் பிள்ளையும் குச்சி அடுக்கின. ஆனால் மழை பெய்த வருசம் சில வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸைவிட்டு இறங்கிச் சொந்தப் புஞ்சைக்குப் போக முடிந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இறங்க இடம் இல்லை. மழை பெய்தால் அடுத்தவன் புஞ்சையில் களை, பெய்யாவிட்டால் ஆபீஸில் குச்சி. அம்மா கேட்ட கேள்வியின் அர்த்தம் இதுதான்.

பட்டாசுத் தொழிலில் புழங்குகிற சொற்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். முன்பணம். கூலி. உள்குத்தகை, அதாவது உரிமம் பெற்ற ஆலையின் அறைகளை வேறு ஆளுக்குச் சட்டத்துக்குப் புறம்பாக விடுவது. எல்லாம் நிலத்துச் சொற்கள். வயலை விட்டு வெளியேறியதாக நாம் நினைத்தோம். வயலின் உறவுமுறை நமக்கு முன்னாலேயே ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது.

நம் எழுத்து இதை எப்படிப் பார்த்தது?

1918இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். மாணவர்களை அனுப்பிச் சேகரித்தது. அதில் சிவகாசிக்குப் பக்கத்து வடமலாபுரமும் உண்டு. 1930களில் மறு ஆய்வும் நடந்தது. பொருளாதார வரலாற்றுக்கு அது பெரிய கொடை, சந்தேகமில்லை. ஆனால் எண்ணப்பட்டவர்கள் பேசாத புத்தகம் அது. ஏக்கர் இருக்கிறது, கடன் இருக்கிறது, கடன் வாங்கினவள் குரல் இல்லை.

கரிசல் இலக்கியத்துக்கு வருவோம். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. தெலுங்குச் சீமையிலிருந்து வந்தவர்கள் காட்டைத் திருத்தி ஊராக்கின கதை. அந்த மொழியின் ருசிக்கு நானும் அடிமை. இருந்தாலும் வாசிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு முள் உறுத்தும். வந்தபோது அந்த நிலம் வெறுமையாகவா கிடந்தது? அமெரிக்காவில் இறங்கியவனும் தென்னாப்பிரிக்காவில் இறங்கியவனும் நிலம் வெறுமையாகக் கிடந்தது என்றுதான் சொன்னான். கரிசல் நாயக்கமார் வெள்ளைக் குடியேறிகள் அல்ல, உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் என்பது தெரியும். ஆனால் நிலத்தைத் திருத்தின கதையை நிலம் கிடைத்தவர்கள் சொல்லும்போது, கூடத் திருத்தினவர்கள் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். நம் விமர்சகர்களோ ‘மண்வாசனை’ என்று மோந்து பார்த்ததோடு சரி. மண் யார் பேரில் இருக்கிறது என்று பட்டா கேட்கவில்லை.

1979இல் பூமணியின் ‘பிறகு’ அந்தப் பட்டாவைக் கேட்டது. சக்கிலியக் குடியின் அழகிரி அதன் மையம். சுதந்திரம் வந்தது, சரி, பிறகு? தலைப்பே ஒரு பொருளாதார வரலாற்றுக் கேள்வி. அவரே 2012இல் ‘அஞ்ஞாடி’யில் சிவகாசிக் கலவரக் காலம்வரை பின்னோக்கிப் போனார். பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. அதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். அவளைப் படித்தபோதுதான் என் அம்மா ஒரு புத்தகத்துக்குள் இருக்கத் தகுதியானவள் என்று எனக்குத் தெரிந்தது. இவற்றை ‘தன்வரலாறு’, ‘வட்டார நாவல்’ என்று அலமாரியில் பிரித்து வைக்கிறார்கள். நான் இவற்றைப் பொருளாதார வரலாறு என்கிறேன். ஸ்லேட்டர் விட்ட பத்தி இவர்களிடம் இருக்கிறது.

இடதுசாரித் தோழர்களோடும் ஒரு சண்டை உண்டு. இந்திய வேளாண்மை அரை நிலப்பிரபுத்துவமா முதலாளித்துவமா என்று பல வருசம் விவாதித்தார்கள். எந்திரம் வந்ததா, கூலி பணமா தானியமா என்று அளந்தார்கள். அளவுகோல் சரிதான். ஆனால் கூலி பணமான பிறகும் அதே தெருவிலிருந்து அதே ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்பதை அந்த அளவுகோல் அளக்காது. அதற்குச் சாதி என்று பெயர்.

இவ்வளவும் எழுதி முடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். “நீ சொல்றது ஒத்தக் கண்ணுப் பார்வை. ஆபீஸு வந்ததுனாலதான் பண்ணை வீட்டு வாசல்ல சட்டிய ஏந்திக் கஞ்சிக்கு நிக்கிறது நின்னுச்சு. எங்காத்தாவ ஊருப் பொடிப்பயலுக எல்லாம் ‘ஏளா’ன்னு கூப்பிடுவான். எம்பேரச் சொல்லிச் சம்பளம் குடுத்தது அந்த ஆபீஸுதான். அத எழுதுனியா?”

எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஸ்லேட்டர் புத்தகம் வந்த அதே 1918இல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு துண்டான நிலத்தை ஒட்டிச் சேர்ப்பதால் நோய் தீராது, நிலத்தின்மேல் வேலையில்லாமல் நெருக்கும் உழைப்பைத் தொழில்மயமாக்கம் உறிஞ்சிக்கொண்டால்தான் தீரும் என்றார். அம்மாவின் பேச்சு அந்தக் கட்டுரையின் சாட்சியம். கிராமத்தை விட்டு ஒரு பஸ் கிளம்பியது, அது நல்லதுதான். ஆனால் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ எழுதும்போது அம்பேத்கர் இன்னும் ஒரு படி போனார். விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பாராமல் ஊரார்க்குக் குத்தகைக்கு விட வேண்டும், நிலப்பிரபு, குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று பேரும் இருக்கவே கூடாது என்றார். தொழில் வந்தால் மட்டும் போதாது, தொழிலுக்குப் போகிறவன் திரும்ப வர ஒரு நிலமும், பேரம் பேச ஒரு முதுகெலும்பும் வேண்டும் என்றே நான் இதை வாசிக்கிறேன். சிவகாசியில் 1918 பாதி நடந்தது. 1947 நடக்கவே இல்லை. அம்மாவுக்குக் கிடைத்தது பேர் சொல்லிக் கொடுத்த கூலி. கிடைக்காதது வேண்டாம் என்று சொல்லும் உரிமை.

அந்த உரிமை இல்லாததன் விலை நமக்குத் தெரியும். 1991 மீனம்பட்டி. 2012 முதலிப்பட்டி. 2021 அச்சங்குளம். 2023 ரெங்கபாளையம். ஒவ்வொன்றிலும் உராய்வு, வெயில், மருந்துக் கலவை, அளவுக்கு மீறிய ஆள் என்று காரணம் எழுதப்படுகிறது. எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஓர் அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் ஏன் உட்கார்ந்தார்கள் என்ற காரணம் மட்டும் எழுதப்படுவதில்லை. 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குழந்தைத் தொழிலாளிக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குப் பிறகு பிள்ளைகள் பெருமளவு பள்ளிக்கூடம் போனார்கள். நானும் அப்படித் தப்பின ஒருத்திதான். 2018இல் அதே நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றது. டெல்லியின் மூச்சுக்காக. அந்த மூச்சும் முக்கியம்தான். ஆனால் சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்கு அடுத்த வேலை என்ன என்று கேட்டபோது, எல்லோரும் மறுபடியும் அந்தப் பழைய கதைக்கே போனார்கள். “பாவம், வறண்ட பூமி. வேற என்ன செய்வாங்க?”

இந்த வாக்கியத்தைத்தான் நாம் உடைக்க வேண்டும். வறட்சி என்று சொல்லிவிட்டால் குற்றவாளி வானம். வானத்தின்மேல் வழக்குப் போட முடியாது. முன்பணம் என்று சொன்னால் கணக்குப் புத்தகம் வரும், பெயர் வரும், கையெழுத்து வரும். நிலம் என்று சொன்னால் பதிவேடு வரும்.

ஆகவே இந்தப் பக்கங்களை வாசிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் இரண்டு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டை எடுத்துச் சேரியைச் சுற்றியுள்ள புல எண்கள் யார் பெயரில் இருக்கின்றன, அதற்கு முன் யார் பெயரில் இருந்தன என்று எழுதி எடுங்கள். அடுத்து, வீட்டில் இருக்கிற அம்மாச்சிகளிடம், அப்பத்தாக்களிடம், எந்த வயசில், எதற்காக, எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள், எப்போது கழிந்தது என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் போவதற்குள் கேளுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுதான் எங்கள் மாவட்டத்தின் பொருளாதார வரலாறு.

என் வீட்டில் தொடங்கிவிட்டேன். கூரைக்கு வாங்கிய அந்த இருநூறு ரூபாய் எப்போது கழிந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள்.

“கழிஞ்சுச்சான்னு தெரியலயே தாயி. கல்யாணமாகி வந்துட்டேன். அதுக்கப்புறம் என் தங்கச்சிய அனுப்புனாக.”

சித்தியிடம் கேட்கப் போகிறேன்.